ஒழுக வேண்டிய ஜாடி

எனக்கு மூக்கின் மேல் கோபம். வகுப்பில் வரும், வீட்டில் வரும், முக்கியமாகக் கூட்டங்களில் வரும். எங்கள் கல்லூரியின் பசுமை வளாகக் குழு என் தலையில் விழுந்ததும் அந்தக் கோபத்தால்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வளாகத்தில் மரம் வளர்க்க வேண்டும், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், எல்லாத் துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று மூன்று பக்கம். முதல்வர் அதை வாசித்து முடித்துவிட்டு, "வழக்கம்போல ஒரு நல்ல நாள் பார்த்து நட்டுடலாம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பின்பக்கத் திடல்ல மூணாவது குழி இருக்குது பாருங்க, அதுல நானே மூணு தடவை புங்கன் நட்டு போட்டோவுக்கு நின்னிருக்கேன். குழி அப்படியேதான் இருக்குது. செடிதான் வருஷா வருஷம் மாறுது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்தார். சிரித்து முடித்த கையோடு, "அப்போ இந்த வருஷம் நீங்களே பொறுப்பெடுத்துக்குங்க மேடம்" என்றார். நான் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

அந்த மழைக்காலத்தில் நூறு கன்று நட்டோம். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை. மழை இருந்தவரை எல்லாம் தளதளவென்று நின்றன. எங்கள் திடலின் மண் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். தை பிறந்துவிட்டால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விடும். வருகிற கொஞ்சமும் உப்பு. குழாய் போட்டுச் செடிக்குத் தண்ணீர் விட வசதி இல்லாததால் கல்லூரியில் அதற்கென்றே ஒப்பந்தத்தில் ஓர் ஆள் வைத்திருந்தார்கள்.

அந்த ஆளை முதல்வர் முதல் முதலாண்டு மாணவி வரை எல்லாரும் அக்கா என்றுதான் சொல்வோம். நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். தொட்டியில் மொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடம் தூக்கிக்கொண்டு, பத்து மணிக்குள் பாதித் திடலை முடித்துவிடுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் ஒரு மாடி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறவள்.

ஒருநாள் அவருடைய கையைப் பார்த்துவிட்டு என்ன தழும்பு என்று கேட்டேன். "முந்திரிக்கொட்டை மேடம்" என்றார். இந்த வேலைக்கு வருமுன் பல வருடம் வீட்டில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக் கொடுத்தவர். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். "கையில சோறு பிசைய முடியாதுங்க. கரண்டிலதான் சாப்புடுவேன். இங்க வந்தப்புறம்தான் கை ஆறிச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஏதோ பரிசு வாங்கியதைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேலைக்கு உலை வைத்தது நான்தான்.

சுட்ட, ஆனால் பூச்சில்லாத மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், பானையின் சுவர் வழியாக நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். மண் காய்ந்திருந்தால் அதிகம் இழுக்கும், ஈரமாக இருந்தால் இழுக்காது. இதை நான் பல வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. அந்த வருடமும் சொன்னேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கப்பா பட்டறையில ஜாடி செய்யறாங்க மேடம், கேக்கட்டுங்களா?" என்றாள். பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்த வகுப்பிலும் நாலு பேர் வீட்டில் பீங்கான் மண் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பாகிவிட்டது. அன்றே முதல்வர் அறைக்குப் போனேன்.

முதல்வர் பொல்லாதவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் அதனால் என்ன மிச்சம் என்று கேட்பார். நான் நீர் மிச்சம் என்றேன். அவர் திருப்திப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜாடியே தண்ணி விட்டுடுச்சுன்னா, தண்ணி ஊத்தற ஆளு தேவையில்லைல்ல? ஜூன்லேருந்து நிறுத்திடலாமா?" என்றார்.

"நிறுத்திடலாம் சார்" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். திட்டம் கைக்கு வந்துவிட வேண்டும் என்கிற அவசரம். முதல்வர் அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொன்னார், நான் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அன்று முழுக்க அக்கா கண்ணில் படாமல் சுற்றி வந்தேன்.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். பட்டறைக்கு நான் நேரில் போகவில்லை. பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். விருந்தாளி வந்தால் பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துப் போவேன், பொம்மை வாங்கிக் கொடுப்பேன். பொம்மை வேகும் சூளையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மாணவியின் அப்பாவிடம் போனில் பேசினேன். அவர் அந்தச் சின்னப் பட்டறையில் மேஸ்திரி. ஊறுகாய் ஜாடிக்கு அச்சு கையில் இருக்கிறது, அதிலேயே வார்த்துத் தருகிறேன் என்றார். "பளபளன்னு கிளேஸ் பூச்சு போடாதீங்க, சூளையில முதல் சூடு மட்டும் போதும்" என்று நான் சொன்னேன். "சரிங்க டீச்சரம்மா" என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாசியில் ஜாடிகள் வைக்கோல் சுற்றி வந்து இறங்கின. நூறு ஜாடி, நூறு மூடி. வெளிப்பக்கம் சொன்னபடியே பூச்சில்லாமல் சொரசொரப்பாக வெள்ளையாக இருந்தது. முதல்வர் பார்த்துவிட்டு, "என்னா மேடம், காலேஜுல ஊறுகாய் போடப் போறீங்களா?" என்று கேட்டார். மாணவிகள் இரண்டு நாள் குழி தோண்டினார்கள். மற்றத் துறைகளிலிருந்து இந்த வேலையில் என்னோடு சேர்ந்த ஒரே ஒருவரான இயற்பியல்காரர், வரிசைக்கு ஓர் அளவுகோல் செய்து கொடுத்தார். தண்ணீரின் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அதை ஜாடிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நிரப்பினோம், மூடினோம். அக்காவிடம் இனி தண்ணீர் ஊற்ற வேண்டாம், மே முடிய வளாகத்தைப் பெருக்கினால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் சிரிப்பு வருகிறது. பத்து நாள் ஆயிற்று. அளவுகோலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் இறங்கவே இல்லை. விரல் தடிமன்கூட இல்லை. நான் அதைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனேன். எவ்வளவு சிக்கனம்! இயற்கையின் அறிவே அறிவு! துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நூறு மரத்துக்குப் பத்து நாளாக ஏறக்குறைய தண்ணீரே செலவாகவில்லை என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். பத்து நாளாகத் தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் செடி எதைக் குடிக்கிறது என்று அங்கிருந்த முனைவர்கள் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலை அக்கா துறை வாசலில் வந்து நின்றார். கையில் துடைப்பம்.

"மேடம், ஜாடி ஒழுகலீங்க."

"ஒழுகாதுக்கா, கசியும். மெதுவாத்தான் போகும்" என்றேன், பாடம் நடத்துகிற குரலில்.

"அதுவும் இல்லீங்க. ஜாடியைச் சுத்தி ஒரு புல்லுகூட மொளைக்கல. தண்ணி போற எடத்துல மொத புல்லுதானுங்களே தலை தூக்கும். நாவலு எலை கொட்டுது. இன்னும் நாலு நாளு போனா குச்சிதான் நிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது, ஏனென்றால் அவர் சொல்வது சரி என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அவரோடு திடலுக்கு ஓடினேன். ஜாடியை ஒட்டி விரலை விட்டுப் பார்த்தேன். மண் மாவாக இருந்தது. மூன்று ஜாடி, நாலு ஜாடி, எல்லாம் அப்படியே. நாவல் கன்றுகளின் அடியில் இலை உதிர்ந்து கிடந்தது. பத்து நாளாக நான் ஜாடிக்குள்தான் எட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தரம்கூடச் செடியைப் பார்க்கவில்லை.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. இந்த அம்மா பேசாமல் இருந்திருக்கலாமே. இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு பெருக்கியிருந்தால் ஜாடி தோற்றது என்று ஆகியிருக்கும். குடம் திரும்ப அவர் இடுப்புக்கு வந்திருக்கும், வேலையும் நிலைத்திருக்கும்.

"அக்கா, ஜாடி வேலை செஞ்சா ஜூன்ல உங்களை..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்திடுவாங்க. தெரியுங்க. ஆபீஸ்ல அன்னிக்கே சொல்லிட்டாங்க, நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னும் சொன்னாங்க" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "அதுக்கோசரம் செடி காயறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியுங்களா? மார்கழிலேருந்து தண்ணி காட்டினது நானு."

படித்தவர்கள், விருது வாங்கியவர்கள், மேடையில் இயற்கையைப் பற்றிப் பேசி அழ வைத்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியின் முன்னால் இவ்வளவு சின்னவளாக நான் உட்கார்ந்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "குடத்தை எடுக்கட்டுங்களா?" என்றார். அன்று மதியத்துக்குள் நானும் மாணவிகளும் அவருமாக நூறு செடிக்கும் தண்ணீர் ஊற்றினோம். எனக்கு மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வார முடிவில் ஒரு ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அக்காவையும் அழைத்துப் போனேன். மேஸ்திரி எங்களை உட்கார வைத்து டீ வாங்கி வரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒழுகாதுங்க டீச்சரம்மா! நூறையும் ராத்திரி முழுக்கத் தண்ணி நிரப்பி பேப்பர் மேல வெச்சுப் பார்த்துட்டேன். மொத சூட்டுல எல்லாம் ஈரம் காட்டிச்சு. எனக்கு மனசு கேக்கல. நீங்க செலவு பார்த்துதான் கிளேஸு வேணாம்னு சொல்றீங்கன்னு புரிஞ்சிக்கிட்டேன். எம் பொண்ணு படிக்கிற காலேஜுக்குப் போற சரக்கு, ஒழுகினா எனக்குத்தானே அசிங்கம்? உள்பக்கம் மட்டும் கிளேஸு அடிச்சு, ரெண்டாவது சூடும் குடுத்து அனுப்பினேன். அதுக்குக் காசு வேணாங்க, காலேஜுக்கு நம்ம பங்கா இருக்கட்டும்."

ஜாடிக்குள் கையை விட்டுத் தடவினேன். கண்ணாடி போல வழவழத்தது. நிரப்பும்போது நூறு பேர் தொட்டிருப்போம். யாருக்கும் அது தப்பு என்று படவில்லை, ஏனென்றால் ஊறுகாய் ஜாடி எப்போதும் அப்படித்தானே இருக்கும்.

அவரைப் பார்த்துக் கோபப்பட எனக்கு வழியே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒழுகாமல் செய்வதைத் தவிர வேறு எதையும் கேட்டறியாத மனிதர். அவரிடம் போனில் அரை நிமிடம் பேசிவிட்டு ஒழுகுவதை வாங்கிவிடலாம் என்று நினைத்தவள் நான். "இது ஒழுகணுங்க" என்று மெல்லச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றிருந்த மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். "அப்பா, நான் அன்னிக்கே சொன்னேன், நீதான் சிரிச்சே" என்றாள். பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் தூரிகையை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பட்டறையே எங்களை ஒரு மாதிரி பார்த்தது.

"ஒழுகறதுன்னா எவ்ளோ ஒழுகணும்?" என்று மேஸ்திரி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். புத்தகத்தில் இருந்த எண்ணைச் சொல்லலாம், அவருக்கு அது எதற்கு உதவும்? அக்கா முந்திக்கொண்டார். "சொட்டக் கூடாது அண்ணே. கீழ ஓடக் கூடாது. காலையில நெறப்பினா சாயங்காலம் வெளிப்பக்கம் வேர்த்திருக்கணும். எட்டு நாளைக்கு ஒருக்கா நெறப்புற மாதிரி இருந்தா செடிக்குப் போதும்."

மேஸ்திரி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீ காலேஜுல என்னா பாடம் எடுக்குற?" என்றார். பட்டறை முழுக்கச் சிரிப்பு.

அடுத்த ஒரு மாதம்தான் என் வேலைக்காலத்திலேயே நான் உண்மையாகப் படித்த மாதம். மேஸ்திரி மூன்று விதமாக வார்த்தார். வெறும் மண்ணில் ஒன்று. சலித்த உமி கலந்து ஒன்று. மரம் அறுக்கிற மில்லில் வாங்கிய நைசான தூள் கலந்து ஒன்று. உமியும் தூளும் சூளைக்குள் எரிந்துபோகும், அவை இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் மிஞ்சும். இயற்பியல்காரர் தராசோடு வந்து காலையும் மாலையும் எடை போட்டார். மாணவிகள் நோட்டில் எழுதினார்கள். அக்கா வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் பட்டறைக்குள் வந்து, பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். "இது கருமி" என்பார் வெறும் மண் ஜாடியை. உமி ஜாடி ஒரே ராத்திரியில் காலியாகிப் பலகையை நனைத்திருந்தது. அதைப் பார்த்து, "இது ஊதாரி" என்றார்.

மரத்தூள் ஜாடியை நிரப்பிய காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பலகையின் மேல் வைத்துவிட்டுச் சுற்றி நின்றோம். வெள்ளைச் சுவர் அடியிலிருந்து மெதுவாக நிறம் மாறிக்கொண்டே மேலே ஏறியது. எங்கும் ஓட்டை இல்லை, எங்கிருந்தும் சொட்டு விழவில்லை. மதியத்துக்கு மேல் அதன் உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாக நீர் அரும்பியது, காய்ச்சல் விடும்போது நெற்றி வேர்க்குமே, அப்படி. கல் மாதிரி இருக்கிற ஒன்றின் வழியாகத் தண்ணீர் நடந்து வருகிறது. இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கண் எழுதுகிற பெண்களில் ஒருத்தி விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி ஜாடியைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு, "ஒழுகறதுலயும் ஒரு அளவு இருக்குதுங்க டீச்சரம்மா. இது கிளேஸு போடறதைவிடக் கஷ்டம்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை எந்தப் பட்டமளிப்பிலும் நான் கேட்டதில்லை.

அதுவரை அக்காதான் குடம் தூக்கினார். பங்குனியில் மரத்தூள் கலந்த நூறு புது ஜாடி மண்ணுக்குள் போனது. பழைய நூறும் வீணாகவில்லை. பாதி விடுதிச் சமையலறைக்குப் போயிற்று, மாங்காய் போட்டு வைத்திருக்கிறார்கள். புது ஜாடிகள் எட்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பக் கேட்டன. ஜாடியைச் சுற்றிப் புல் முளைத்தது. நாவல்கள் துளிர்த்தன. சித்திரையில் ஒருநாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் அளவுகோலை விட்டேன். தண்ணீர் இறங்கவே இல்லை. இந்தத் தடவை பயந்துபோய்ச் செடியைப் பார்த்தேன், மண்ணைப் பார்த்தேன். எல்லாம் ஈரம். மண்ணுக்கு வேண்டாம், அதனால் ஜாடி கொடுக்கவில்லை. மூன்று நாள் வெயில் அடித்ததும் தானாகவே கொடுக்கத் தொடங்கியது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. திடலின் நடுவில் நின்று நூறு ஜாடிகளையும் பார்த்தபோது எனக்குக் கோயில் உள்மண்டபத்தில் நிற்பதுபோல இருந்தது.

ஒரு வேப்பங்கன்றை ஆடு கடித்துப் போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு நட மாணவிகள் தோண்டினார்கள். என்னை அலறிக் கூப்பிட்டார்கள், பாம்போ என்று ஓடினேன். கன்றின் வேர்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி வந்து, ஜாடியை மயிரிழை மயிரிழையாகப் பின்னிச் சுற்றியிருந்தன. வெள்ளைச் சுவர் தெரியவே இல்லை. இருட்டில், மண்ணுக்குள், அது தண்ணீர் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தது? பாடத்தில் அதற்கு இருக்கிற பெயர் எனக்குத் தெரியும். அந்த நேரம் அது எதற்கும் உதவவில்லை. ஜாடியைக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா, "புள்ளை இடுப்பைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குது" என்றார். நான் அழுதுவிட்டேன். வேருக்காக அழுதேனா, ஜூன் நெருங்குகிறது என்பதற்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மே மாதம் கடைசி வாரம் முதல்வர் அறைக்குப் போனேன். அக்காவை நிறுத்தக் கூடாது என்றேன். அவர் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க? எட்டு நாளைக்கு ஒரு தடவை நிரப்பறதுக்கு ஸ்டூடண்ட்ஸ் போதும். நான் மேலே என்னா பதில் சொல்றது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் படுவது என்றுதான் தெரியவில்லை. என் எழுத்து, என் கையெழுத்து. பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்புமுன் திடலை ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று முதல்வர் எழுந்தார். நானும் பின்னால் போனேன்.

கத்திரி வெயில். முதல்வர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் சந்தோஷம். அக்கா எங்களுக்கு முன்னால் சருகு பெருக்கிக்கொண்டு போனார். வழக்கம்போல வெறுங்கால். பெருக்கிக்கொண்டே போனவர் ஒரு நாவல் பக்கத்தில் நின்றார். காலை எடுத்து இன்னொரு தடவை வைத்தார்.

"மேடம், இது நின்னு போச்சுங்க."

"எது?"

"இந்த ஜாடி. தண்ணி விடல."

செடி பச்சையாகத்தான் இருந்தது. சுற்றிலும் புல்லும் இருந்தது. மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்புவரை நின்றது, நிரப்பி நாலு நாள் ஆகிறது. மாணவிகள் பக்கத்து மண்ணை விலக்கினார்கள். ஜாடியின் சுவரில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை. அந்த வரிசையில் இன்னும் எது அடைத்திருக்கிறது என்று நான் அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கா நடந்து போய், "இதோ இன்னொண்ணு, அந்த மூலையில ஒண்ணு, இலுப்பைக்குப் பக்கத்துல ஒண்ணு" என்று துடைப்பத்தால் காட்டினார். திறந்தோம். மூன்றும் நிரம்பி நின்றன. மற்றவற்றில் ஏழெட்டைத் திறந்து பார்த்தோம். எல்லாம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன.

முதல்வர் அக்கா பக்கம் திரும்பினார். "எப்படிம்மா தெரியுது?" என்றார்.

"காலுலதான் சார். வேலை செய்யற ஜாடிகிட்ட மண்ணு கொஞ்சம் ஜிலுஜிலுன்னு இருக்கும். அடைச்சிட்டா சுட ஆரம்பிச்சுடும். செடி வாடறதுக்குப் பத்து நாளு முன்னாடியே தெரிஞ்சிடும்."

முதல்வர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்தார். பேன்ட்டை மடித்துக்கொண்டு மண்ணில் கால் வைத்தார், வைத்த வேகத்தில் துள்ளினார். ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விடவில்லை. நல்ல ஜாடியின் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடைத்த ஜாடியின் பக்கம். திரும்ப நல்லதிடம். நெற்றியில் வியர்வை கொட்டியது.

"ரெண்டும் சுடுதே" என்றார் கடைசியில், தோற்றுப்போன குரலில்.

"சுடறதுலயே வித்தியாசம் இருக்குது சார். உங்களுக்கு நாளாவும்."

அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடே என்னிடம் வந்தார். "மேடம், மினிட்ஸ்ல நீங்க எழுதினதை அடிச்சுட்டு வேற எழுதிக் கொண்டாங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"என்னன்னு எழுதட்டும் சார்?"

"இந்த ஜாடிங்க இருக்கற வரைக்கும் இவங்க இருக்கணும்னு. நம்ம காலேஜுல வேற யாருக்கும் இது தெரியலன்னும் எழுதுங்க, வெக்கமில்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். காதில் விழுந்திருக்கும், நாலடி தூரத்தில்தான் இருந்தார். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நாவலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அடைத்த ஜாடியைச் சுற்றி இரண்டு கையாலும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார். அவரருகே போய், "கேட்டீங்களா அக்கா?" என்றேன்.

"கேட்டுச்சுங்க. அதை நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார், நிமிராமல். "மேஸ்திரிக்கு போனைப் போடுங்க மேடம். நாலு ஜாடி இன்னிக்கே வேணும். வெயிலுக்கு இந்த நாவலு தாங்காது."